‘கெசெஃப்’: பணத்துக்கான எபிரேயச் சொல்லின் பொருளையும் வேரையும் நீங்களே தேடிப் பார்க்கும் வழி

“எபிரேயத்தில் பணம் என்ற சொல்லுக்கு ஏக்கம் என்றுதான் அர்த்தம்.” பிரசங்கத்திலோ வாட்ஸ்அப்பிலோ இந்த வரி உங்கள் காதில் விழுந்திருக்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையா என்று பார்க்கப் போனால், எங்கே தொடங்குவது, எந்த அகராதியைத் திறப்பது, எதை நம்புவது என்று ஒன்றும் பிடிபடாது. தமிழில் இதற்கு வழிகாட்டி எதுவும் கிடைக்காமல் நெடுநாள் தட்டுத்தடுமாறித்தான் நான் இந்தப் பாதையைத் தெரிந்துகொண்டேன். அடுத்து வருகிறவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

எபிரேயம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அகராதிகள் ஆங்கிலத்தில் இருப்பதால் கொஞ்சம் ஆங்கிலம் வாசிக்க வந்தால் போதும். எடுத்துக்காட்டாக ‘கெசெஃப்’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொள்வோம். இதே வழியில் வேறு எந்தச் சொல்லையும் பிறகு நீங்களே தேடலாம்.

1. முதலில் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

ஒரு தமிழ் வேதாகமம் வேண்டும். பழைய மொழிபெயர்ப்பே நல்லது. மூலத்தைச் சொல்லுக்குச் சொல் ஒட்டிப் போவதால் ஒப்பிட எளிது. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். மற்றதெல்லாம் இணையத்தில் இலவசம்:

- ஸ்ட்ராங் ஒத்துவாக்கிய அகராதி (1890). எபிரேயச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்தவர் இவர்தான்.
- பிரௌன், டிரைவர், பிரிக்ஸ் மூவரும் தொகுத்த எபிரேய அகராதி (1906). சுருக்கமாக பி.டி.பி. என்பார்கள்.
- யாஸ்த்ரோவ் அகராதி (1903). வேதாகமத்துக்குப் பிந்தைய யூத நூல்களின் சொற்களுக்கு.
- கிளைன் சொற்பிறப்பு அகராதி (1987).
- சிகாகோ அசீரிய அகராதி. நமக்கு வேண்டியது 1971இல் வந்த ‘கே’ எழுத்துத் தொகுதி மட்டும்.

முதல் இரண்டும் ‘பைபிள் ஹப்’, ‘புளூ லெட்டர் பைபிள்’ தளங்களில் கிடைக்கும். ‘செஃபாரியா’ தளத்தில் எபிரேய வசனத்தைத் திறந்து ஒரு சொல்லைத் தொட்டால், பக்கத்திலேயே பி.டி.பி., யாஸ்த்ரோவ், கிளைன் பதிவுகள் வந்து நிற்கும். சிகாகோ அகராதியைப் பல்கலைக்கழகமே பிடிஎஃப் ஆகத் தருகிறது. கோப்பு பெரியது என்பதால் வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கிக்கொள்ளுங்கள்.

செலவு விஷயத்தில் ஒரே ஒரு அறிவுரை: ஆரம்பத்தில் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். பிறகு அச்சில் வேண்டும் என்று தோன்றினால் பி.டி.பி.யின் ஹெண்ட்ரிக்சன் பதிப்பைக் கேளுங்கள். அதில் ஸ்ட்ராங் எண்களும் அச்சிட்டிருப்பதால் எபிரேய அகரவரிசை தெரியாதவர்களும் பயன்படுத்தலாம். கேலர், பௌம்கார்ட்னர் அகராதி இன்னும் புதியது, தரமானது. ஆனால் விலை தனிநபர் வாங்கும் அளவில் இல்லை. அதற்கு இறையியல் கல்லூரி நூலகங்களை நாடலாம். மதுரை அரசரடியிலும் சென்னை கீழ்ப்பாக்கத்திலும் அப்படிப்பட்ட கல்லூரிகள் உண்டு. நேராகக் கிளம்பிப் போய்விடாமல் முதலில் தொலைபேசியில் கேளுங்கள்: வெளியாட்களுக்கு அனுமதி உண்டா, அறிமுகக் கடிதம் வேண்டுமா, கட்டணம் எவ்வளவு, எந்தெந்த நாட்களில் விடுமுறை. அடையாள அட்டையின் நகல் ஒன்றையும் எடுத்துப் போவது நல்லது.

2. தமிழ் வசனங்களைப் பட்டியல் போடுங்கள்

அகராதியைத் திறக்கும் முன் இதைச் செய்ய வேண்டும். பெரும்பாலானோர் தாண்டிப் போவதும் இந்தப் படியைத்தான். வெள்ளி, வெள்ளிக்காசு, பணம் என்ற மூன்று சொற்களில் ஏதாவது ஒன்று வரும் வசனங்களில் ஒரு பத்தைத் தேர்ந்தெடுங்கள். தொடங்க இவை போதும்:

ஆதியாகமம் 13:2இல் ஆபிராம் மிருகஜீவன்களும் வெள்ளியும் பொன்னும் உடையவன். ஆதியாகமம் 23:16இல் ஆபிரகாம் கல்லறை நிலத்துக்கு நானூறு சேக்கல் நிறை வெள்ளியை நிறுத்துக்கொடுக்கிறான். 37:28இல் யோசேப்பு இருபது வெள்ளிக்காசுக்கு விற்கப்படுகிறான். 42ஆம் அதிகாரத்தில் சகோதரர்களின் சாக்குக்குள் இருப்பது பணம். பிரசங்கி 5:10இல் பணப்பிரியன் பணத்தினால் திருப்தியடைவதில்லை. ஏசாயா 55:1இல் பணமில்லாதவர்கள் வந்து வாங்கிச் சாப்பிட அழைக்கப்படுகிறார்கள். சகரியா 11:12இல் கூலி முப்பது வெள்ளிக்காசு.

இத்தனை இடத்திலும் எபிரேயத்தில் இருப்பது ஒரே சொல்: கெசெஃப். மொத்தம் சுமார் 400 இடங்களில் வருகிறது. தமிழில் இடத்துக்கு ஏற்ப மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள்.

எண் குழப்பம்: எபிரேய வேதாகமத்தின் வசன எண்ணும் தமிழ் வேதாகமத்தின் வசன எண்ணும் சில இடங்களில் ஒன்று தள்ளிப் போகும். தமிழில் பிரசங்கி 5:10 எபிரேயத்தில் 5:9. தமிழில் சங்கீதம் 84:2 அங்கே 84:3. செஃபாரியாவில் வசனத்தைத் திறந்து “இங்கே அந்தச் சொல்லே இல்லையே” என்று திகைக்க வேண்டாம், முன்னும் பின்னும் ஒரு வசனம் பாருங்கள்.

3. எண்ணைப் பிடியுங்கள், அப்புறம் எழுத்தைப் பிடியுங்கள்

பைபிள் ஹப்பில் வசனத்தைப் போட்டு வரியிடைப் பதிப்பை (Interlinear) திறந்தால் ஒவ்வொரு எபிரேயச் சொல்லின் மேலும் ஸ்ட்ராங் எண் இருக்கும். கெசெஃப் என்பதன் எண் 3701. நீங்கள் குறித்த வசனம் ஒவ்வொன்றிலும் இந்த எண்தான் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

தமிழில் தோன்றுவதை நம்பிச் சரிபார்க்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆதியாகமம் 33:19 ஒன்று போதும். யாக்கோபு சீகேமில் நூறு வெள்ளிக்காசுக்கு நிலம் வாங்குகிறான். தமிழில் அதே ‘வெள்ளிக்காசு’தான். ஆனால் எபிரேயத்தில் அங்கே கெசெஃப் இல்லை. ‘கெசீத்தா’ என்ற வேறொரு சொல் இருக்கிறது. அது ஏதோ ஓர் அளவு என்பதற்கு மேல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாத அரிய சொல். யோசுவா 24:32இலும் அதேதான். இவற்றை உங்கள் பட்டியலில் சேர்த்தால் கணக்கே தப்பிப் போகும்.

எண்ணோடு நின்றுவிடக் கூடாது, எழுத்தையும் பார்த்தாக வேண்டும். எபிரேயத்தில் 22 மெய்யெழுத்துகள். கெசெஃப் என்பதில் மூன்று: காஃப், சாமெக், பே. வலமிருந்து இடமாக எழுதுவார்கள். கடைசியில் வரும் பே, வால் நீண்டு வரிக்குக் கீழே இறங்கி நிற்கும். அது வேறு எழுத்து அல்ல, சொல்லின் இறுதியில் அது எடுக்கும் வடிவம். இந்த மூன்றின் வடிவத்தையும் நோட்டில் நாலைந்து தடவை எழுதிப் பழகுங்கள். ஒரு மாலை நேரம் போதும்.

தமிழ் எழுத்தில் எழுதி வைத்துத் தேடுவது ஏன் ஆபத்து என்று பாருங்கள். நம் எழுத்தில் ‘கெசெப்’ என்று எழுதினால் அதற்குள் மூன்று தனித்தனி எபிரேயச் சொற்கள் அடங்கிவிடும். காஃப், சாமெக், பே என்றால் வெள்ளி, பணம். நடுவில் சாமெக்குக்குப் பதில் ஷின் வந்தால் சூனியம். யாத்திராகமம் 22:18இல் வரும் ‘சூனியக்காரி’ அந்த வேரிலிருந்து வந்தவள். முதலெழுத்து கோஃப், நடுவெழுத்து சாதே என்றால் கடுங்கோபம். மூன்றுக்கும் ஒன்றோடொன்று எந்த உறவும் கிடையாது. “பணம் என்ற சொல்லும் சூனியம் என்ற சொல்லும் ஒரே வேர்” என்று யாராவது சொன்னால், எழுத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஒலி மாறும், ஆனால் சொல் அதே சொல்லாக இருக்கும். ஏசாயா 55:1ஐ செஃபாரியாவில் திறந்து கெசெஃப் எங்கே என்று தேடுங்கள். முதலில் ‘காசெஃப்’ என்று நீண்டு வரும். வாசிப்பவர் நிறுத்த வேண்டிய இடம் என்பதால் உயிர் நீள்கிறது, அவ்வளவுதான். அதே வசனத்தின் பின்பகுதியில், தொண்டையை உரசிவரும் ‘ஹ’ போன்ற ஒலியோடு ‘ஹெசெஃப்’ என்று வரும். முன்னால் உள்ள சொல் உயிரில் முடிந்து இதோடு ஒட்டி வருவதால் காஃப் மெலிகிறது. பின்னொட்டு சேர்ந்தால் இன்னும் மாறும்: ‘கஸ்போ’ என்றால் அவனுடைய பணம். எல்லாவற்றிலும் அந்த மூன்று மெய்யும் அப்படியே இருக்கும். மெய்யைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

4. பொருளைப் பிரித்து எழுதுங்கள்

இப்போது பி.டி.பி.யில் அந்தச் சொல்லைப் பாருங்கள். உலோகமான வெள்ளி ஒரு பக்கம், விலையாகவும் பணமாகவும் வரும் வெள்ளி இன்னொரு பக்கம் என்று வசனங்களைப் பிரித்துக் காட்டியிருப்பார்கள். உங்கள் பட்டியலையும் அதேபோல் இரண்டாகப் பிரியுங்கள். பொன்னோடு சேர்ந்து வந்தாலும், உலையில் புடமிடுவதாக வந்தாலும் பெரும்பாலும் உலோகம். வாங்குவது, விற்பது, சாக்கில் திரும்பப் போடுவது என்றால் பணம்.

நடுவில் நிற்கும் வசனங்கள்தான் உண்மையில் கற்றுத் தருபவை. ஆதியாகமம் 23:16ஐ மறுபடி வாசியுங்கள். ஆபிரகாம் எண்ணிக் கொடுக்கவில்லை, நிறுத்துக் கொடுத்தான். ‘நிறுத்தான்’ என்பதற்கான எபிரேய வினை ஷாக்கால். சேக்கல் என்ற எடையின் பெயரும் அதே வேர். ஒரு சேக்கல் ஏறத்தாழ 11 கிராம் என்பது அகழாய்வில் கிடைத்த எடைக்கற்களிலிருந்து தெரிகிறது. அப்படியானால் அந்த நிலத்தின் விலை தராசில் வைத்த நாலரைக் கிலோ வெள்ளி. நாணயம் புழக்கத்துக்கு வருவதற்கு முந்தைய முறை இது. யூதேயாவின் பழைய ஊரான எஸ்தெமோவாவில் 1968இல் கிடைத்த புதையலில் ஜாடி ஜாடியாக வெட்டிய வெள்ளித் துண்டுகளும் உடைந்த நகைகளும்தான் இருந்தன. ஆகவே யோசேப்பு விற்கப்பட்ட வசனத்தில் ‘இருபது கெசெஃப்’ என்று மட்டும்தான் இருக்கிறது. ‘காசு’ என்பது வாசகருக்குப் புரிவதற்காக நம் மொழிபெயர்ப்பாளர்கள் சேர்த்தது. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் காசை வைத்து நாணயத்தில் பொறித்த உருவம் பற்றியெல்லாம் விளக்கம் சொல்லத் தொடங்கினால் தப்பு.

5. உறவு மொழிகளில் தேடுங்கள்

ஒரு சொல்லின் தோற்றத்தை எபிரேயத்துக்குள்ளேயே வைத்து முடிவு செய்ய முடியாது. பி.டி.பி. பதிவின் தொடக்கத்தில் சுருக்கெழுத்தாக மொழிப் பெயர்கள் இருக்கும், அவற்றை விட்டுவிடாதீர்கள். அதில் ‘அசீரியம்’ என்று இருந்தால் இன்று நாம் அக்காதியம் என்கிற பழைய மெசொப்பொத்தாமிய மொழி.

கெசெஃப் விஷயத்தில் கிடைப்பது இது: அக்காதியத்தில் ‘கஸ்பு’, அங்கேயும் வெள்ளி, பணம், விலை. சிரியாவின் பழைய நகரமான உகாரித்தின் மொழியில் அதே மூன்று மெய். அராமியத்திலும் அதே, தானியேல், எஸ்றா நூல்களின் அராமியப் பகுதிகளில் வரும் வடிவத்துக்கு ஸ்ட்ராங் எண் 3702. அரபியிலோ வெள்ளிக்கு ‘ஃபித்தா’ என்ற வேறு சொல். ஆக, எபிரேயரும் அவர்களின் வடக்கு, கிழக்கு அண்டை மக்களும் பகிர்ந்துகொண்ட பழைய சொல் இது.

சிகாகோ அகராதியின் ‘கே’ தொகுதியில் கஸ்பு பதிவு பக்கம் பக்கமாகப் போகும். அதை முழுக்க வாசிக்க வேண்டாம், தலைப்பில் உள்ள பொருள்களை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். அதற்குச் சற்று முன்னால் ‘கசாபு’ என்ற வினை இருக்கிறதா பாருங்கள். துண்டாக உடைத்தல், சில்லெடுத்தல் என்று பொருள். உடைத்துத் துண்டாக்கி நிறுத்த உலோகம் என்பதால் கஸ்பு என்று பெயர் வந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுவது இதை வைத்துத்தான். எஸ்தெமோவா ஜாடிகளை நினைத்துப் பார்த்தால் இது பொருந்தத்தான் செய்கிறது. ஆனாலும் இது ஒரு கருத்து, முடிந்த முடிவல்ல. நோட்டில் பக்கத்தில் ‘கருத்து’ என்று குறித்துவையுங்கள்.

6. ‘ஏக்கம்’ என்ற விளக்கத்தைச் சோதியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். இந்தப் படிக்கு மட்டும் ஒரு தனி நாள் ஒதுக்கலாம்.

அந்த விளக்கம் வானத்திலிருந்து குதித்ததல்ல. ஸ்ட்ராங் அகராதியில் எண் 3700 ‘காசாஃப்’ என்ற வினை. “வெளிறிப் போதல், அதனால் ஏங்குதல்” என்பது போலப் பொருள் தருகிறார். அடுத்த எண்ணான 3701க்கு, அந்த வினையிலிருந்து வந்தது, வெளிறிய நிறத்தால் வெள்ளிக்கு இந்தப் பெயர் என்கிறார். கவனியுங்கள்: அவர் சொல்லும் பாலம் நிறம், ஏக்கம் அல்ல. வெளிறுதலிலிருந்து ஒரு கிளை ஏக்கத்துக்குப் போகிறது, இன்னொரு கிளை வெள்ளிக்குப் போகிறது. மேடையில் நடுவில் உள்ள நிறத்தை விட்டுவிட்டு இரண்டு கிளைகளையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள்.

வினை வரும் இடங்கள் ஐந்தே வசனங்கள்தான். ஐந்தையும் தமிழில் திறந்து பாருங்கள். ஆதியாகமம் 31:30இல் யாக்கோபுக்குத் தகப்பன் வீட்டின்மேல் உள்ள வாஞ்சை. சங்கீதம் 84:2இல் ஆலயப்பிராகாரங்களின்மேல் ஆத்துமா கொள்ளும் வாஞ்சையும் தவனமும். சங்கீதம் 17:12இல் பீறுவதற்கு ஆவலுள்ள சிங்கம். யோபு 14:15இல் தேவன் தம் கைகளின் கிரியைமேல் வைக்கும் விருப்பம். செப்பனியா 2:1இல் விரும்பப்படாத ஜாதி. ஒன்றில்கூடப் பணம் பேச்சுக்கே வரவில்லை. வீட்டுக்காக ஏங்குகிறவனும் ஆலயத்துக்காக ஏங்குகிறவனும்தான் இதில் முக்கியமானவர்கள். இந்த வினையைப் பண ஆசையோடு கட்டிவைப்பது அந்தச் சங்கீதத்துக்கே செய்யும் அநியாயம் என்பது என் எண்ணம்.

இரண்டாவது, ஒரே மூன்று மெய் என்பதாலேயே ஒரே வேர் ஆகிவிடாது. தமிழில் மாடிப்படியும், அரிசி அளக்கும் படியும், ‘பாடம் படி’ என்பதும் ஒரே எழுத்துதானே? எபிரேயத்திலும் இப்படி நிறைய. நல்ல அகராதிகள் அவற்றுக்கு ஒன்று, இரண்டு என்று ரோம எண் போட்டுப் பிரித்துக் காட்டும். அந்த எண் இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பாருங்கள்.

மூன்றாவது, காலம். ஸ்ட்ராங் அச்சானது 1890இல். உகாரித்து நகரம் இருந்த ராஸ் ஷம்ராவில் களிமண் பலகைகள் வெளிவந்தது 1929இல். சிகாகோ அகராதியின் நமக்கு வேண்டிய தொகுதி 1971இல். ஸ்ட்ராங் செய்த வேலை மகத்தானது, எண் கண்டுபிடிக்க இன்றும் அவரை விட்டால் ஆளில்லை. ஆனால் சொற்பிறப்புக்கு அவரோடு நிற்கக் கூடாது.

இவ்வளவையும் பார்த்த பிறகு நியாயமாக எழுதக்கூடியது: “கெசெஃப் என்றால் வெள்ளி, அதனால் பணம். இது உறுதி. அதே எழுத்துகளில் ஏங்குதல் என்ற வினையும் உண்டு. இரண்டுக்கும் உறவு இருக்கலாம் என்று பழைய அகராதிகள் கருதின. உடைத்தல் என்ற அக்காதிய வினையோடு சிலர் இணைக்கிறார்கள். எதுவும் முடிவாகவில்லை.” மேடையில் சொல்ல இது கவர்ச்சியாக இராது. கேட்கிறவர்கள் நம்மை நம்பித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதால் இப்படித்தான் சொல்ல வேண்டும்.

7. ‘மாமோன்’ என்பதை இதோடு கலக்காதீர்கள்

மத்தேயு 6:24இல் தமிழில் “தேவனுக்கும் உலகப்பொருளுக்கும்” என்று இருப்பது மூலத்தில் மாமோன். இது அராமியத்திலிருந்து கிரேக்க நூலுக்குள் அப்படியே வந்த சொல். எபிரேய வேதாகமத்தில் எங்கே தேடினாலும் கிடைக்காது, நேரத்தை வீணாக்க வேண்டாம். பிற்கால யூதச் சட்டநூலான மிஷ்னாவில் தாராளமாக உண்டு. சன்ஹெத்ரின் பகுதியின் முதல் வரியே ‘மாமோன்’ வழக்குகளை மூன்று பேர் விசாரிக்க வேண்டும் என்று தொடங்குகிறது. அங்கே அது சாமியின் பெயரோ பேயின் பெயரோ அல்ல, சாதாரணமாகச் சொத்து, பணம். இதற்கு யாஸ்த்ரோவைத் திறக்க வேண்டும், பி.டி.பி. உதவாது. நம்பிக்கை என்ற பொருளுள்ள வேரிலிருந்து வந்தது என்பது பலரும் சொல்லும் விளக்கம். இதற்கும் பக்கத்தில் ‘கருத்து’ என்றே குறியுங்கள்.

8. இன்றைய எபிரேயத்தையும் ஒரு பார்வை பாருங்கள்

இஸ்ரேலில் இன்றும் பணத்துக்குக் கெசெஃப்தான், வெள்ளிப் பதக்கத்துக்கும் அதே கெசெஃப்தான். ஏடிஎம் ‘கஸ்போமாட்’, பணப்பெட்டி ‘கசெஃபெத்’, பாதரசம் ‘கஸ்பீத்’. ஏக்கம் என்ற கிளையும் சாகவில்லை. ‘கிசுஃபீம்’ என்றால் ஏக்கங்கள். ஆனால் இன்றைய வழக்கை வைத்துப் பழைய வசனத்துக்குப் பொருள் சொல்லக் கூடாது. 1980இல் சேக்கல் என்ற பெயரை நாணயத்துக்கு மீண்டும் வைத்தார்கள், 1985இல் புதிய சேக்கல் வந்தது. அதன் இன்றைய மாற்று விலையால் ஆபிரகாமின் நானூறைப் பெருக்கி ரூபாய்க் கணக்குப் போடுவது அர்த்தமில்லாத வேலை.

9. எவ்வளவு நேரம் ஆகும்?

எழுத்துப் பழக ஒரு மாலை. வசனப் பட்டியலுக்கும் எண் சரிபார்ப்புக்கும் இன்னொரு மாலை. அகராதிகளுக்கும் உறவு மொழிகளுக்கும் ஒரு சனிக்கிழமை. ஏக்கம் பற்றிய சோதனைக்கு ஒரு ஞாயிறு மதியம். வேலைக்குப் போகிறவர்கள் ஒரு சொல்லுக்கு இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது சொல்லுக்கு இதில் பாதிதான் ஆகும், ஏனென்றால் தளங்களும் சுருக்கெழுத்துகளும் அதற்குள் பழகியிருக்கும்.

நோட்டில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே எந்த அகராதி, எந்த எண், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதிவையுங்கள். அடுத்த சொல்லாக ‘ஹோன்’ எடுக்கலாம். நீதிமொழிகளில் செல்வம், ஆஸ்தி என்று வரும் இடங்களில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் சொல் அது. வசனங்கள் குறைவு, எழுத்தும் சிக்கலில்லாதது.